எலும்பு முறியும் வரை

ஜப்பானிய மொழியில் ‘இதாய்’ என்றால் ‘வலிக்கிறது’. ‘இதாய் இதாய்’ ஒரு நோயின் பெயர். தொயாமா மாகாணத்தில் ஜின்சூ ஆற்றங்கரையில் வாழ்ந்த, பல பிள்ளைகள் பெற்ற, நடுவயது தாண்டிய பெண்களைத்தான் அது அதிகம் பிடித்தது. இருமினாலே எலும்பு முறியும். ‘வலிக்குது, வலிக்குது’ என்ற அவர்களுடைய அரற்றலையே நோய்க்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

ஆற்றின் மேல்பகுதியில் மிட்சுய் நிறுவனத்தின் காமியோகா சுரங்கம். துத்தநாகக் கழிவோடு வந்த காட்மியம் ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, அரிசியில் ஏறியது. உள்ளூர் மருத்துவர் ஹாகினோ நொபொரு 1946இல் போரிலிருந்து திரும்பிய நாள்முதல் இந்தப் பெண்களைப் பார்த்தவர். காரணம் காட்மியம் என்று 1961இல் அறிவித்தார். 1968இல் அரசு ஒப்புக்கொண்டது. 1972இல் மேல்முறையீட்டிலும் மக்களே வென்றார்கள்.

ஆவணப்படங்கள் பெரும்பாலும் இங்கே கைதட்டி முடித்துவிடும். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் உறுத்துகிறது.

காட்மியம் முதலில் பதம் பார்ப்பது சிறுநீரகத்தின் நுண்குழல்களை. உள்ளே போனால் பத்து, இருபது வருஷம் அங்கேயே தங்கும். சேதமான குழல்களால் பாஸ்பேட்டைத் திரும்ப உறிஞ்ச முடியாது. அதனால் எலும்பு மெதுமெதுவாக இளகும். எலும்பு முறிவது கடைசிக் காட்சி.

முதல் காட்சியை எப்படிப் பார்ப்பது? நாம் வழக்கமாக எடுக்கும் ரத்த கிரியேட்டினின் இதற்கு ரொம்ப லேட். சிறுநீரகத் திறன் பாதி போன பிறகுதான் அது தெளிவாக ஏறும். எங்கள் தொழிலில் சொன்னால், டாஷ்போர்டு பச்சையாகவே இருக்கும். லாக் ஃபைலைத் திறந்தால் உள்ளே ரத்தக்களரி. அந்த லாக் ஃபைல்தான் சிறுநீர்.

அதில் இரண்டு தடயங்கள் உண்டு. ஒன்று, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சின்னப் புரதம். வடிகட்டியைத் தாண்டி வரும் அதை நல்ல குழல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கெட்ட குழல் விட்டுவிடும். காட்மிய நோயாளிகளின் சிறுநீரையும் வைத்துத்தான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள், அதுவும் அதே 1968இல். ஆனால் சிறுநீர் அமிலமாக இருந்தால் சிதைந்துவிடும். இன்னொன்று என்ஏஜி என்ற என்சைம். ரத்தத்தில் இருப்பது வடிகட்டியைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரிய மூலக்கூறு. எனவே சிறுநீரில் அது கூடினால், பெரும்பாலும் குழலின் செல்களே உடைந்து கொட்டுகின்றன என்று பொருள். குழல் செல்கள் பெருமளவு அழிந்துபோனால் கொட்டுவதற்கும் ஆள் இருக்காது. அப்போது அளவு குறையும். குறைந்ததைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

சரி, தடயம் கிடைத்தது. அரசு என்ன செய்தது? நோயாளி என்று சான்றிதழ் பெற எலும்பு இளகியிருக்க வேண்டும் என்றது. இத்தனை ஆண்டுகளில் அப்படிச் சான்று பெற்றவர்கள் ஏறக்குறைய 200 பேர். குழல் மட்டும் சேதமானவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லையா? பக்கத்து இஷிகாவா மாகாணத்தின் காகேஹாஷி ஆற்றுப் பகுதியும் காட்மியத்தால் கெட்டதுதான். 1980களின் தொடக்கத்தில் அங்கே சிறுநீர் சோதிக்கப்பட்டவர்களை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பீட்டா-2 அதிகமாக இருந்தவர்களிடையே இறப்பு விகிதமும் அதிகமாக இருந்தது.

2013 டிசம்பரில், அரசுக்குக் காத்திராமல், ஜின்சூ மக்கள் அமைப்பு சுரங்க நிறுவனத்தோடு நேரடியாக ஓர் ஒப்பந்தம் போட்டது. 1975க்கு முன் மாசுப் பகுதியில் 20 ஆண்டுகளாவது வாழ்ந்து, குழல் சேதம் சோதனையில் தெரிந்தவர்களுக்குத் தலைக்கு 6 லட்சம் யென். வழக்கில் வென்று 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.