பானை ஓடும் கைத்திரையும்

2015ஆம் ஆண்டில் தமிழகம் இரு காட்சிகளைக் கண்டது. வைகைக் கரையை அடுத்த கீழடியில், தென்னந்தோப்பின் அடியில், நடுவண் அரசின் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. முன்னது மண்ணுக்குள் கிடந்ததை வெளிக்கொணர்ந்தது. பின்னதோ வீட்டுக்குள் இருந்ததை நீரில் கரைத்தது. எது எஞ்சும், எது அழியும் என்னும் வினா, பின்வந்த பத்தாண்டு வாழ்வு முழுவதையும் தொடர்ந்து வந்திருக்கிறது.

மாற்றங்கள் விரைந்து நிகழ்ந்தன. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை அறிமுகமாயிற்று. செப்டம்பரில் ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்க, இணையம் எளியோர் கைக்கும் எட்டியது. நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. நாளடைவில் தேநீர்க் கடையிலும் பூக்காரியின் கூடையிலும் கட்டம் போட்ட அட்டைகள் இடம்பெற்றன. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞரைக் கட்சி எதுவும் அழைக்கவில்லை, கைப்பேசியே அழைத்தது. இரவில் கடற்கரைக்கு ஒளி தந்ததும் அதுவே.

2020 மார்ச்சு 25 முதல் நாடு அடங்கியது. பள்ளியும் அலுவலகமும் திரைக்குள் புகுந்தன. இழவு வீட்டு ஆறுதலும் திரை வழியே சென்றது. இலக்கியக் கூட்டங்களும் அவ்வாறே நடந்தன. ‘மறுமுறை’ என்று அவையோர் கேட்கும் குரலின்றிக் கவிஞர் தம் அறையில் தனித்திருந்து பாடினார். எனினும், ஊர் எல்லையைத் தாண்டாத கவியரங்கம் கடல்கடந்த தமிழர்க்கும் எட்டியது அப்போதுதான்.

இம்மாற்றங்களுள் ஓசையின்றி நிகழ்ந்தது ஒன்றுண்டு. தந்திச் சேவை 2013 சூலையிலேயே முடிவுற்றது. நட்புக் கடிதமோ எவரும் நிறுத்தாமல் தானே நின்றது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களும், கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களும் நூல்களாகி இலக்கிய வரலாற்றுக்குச் சான்றாயின. கி.ரா. 2021இல் மறைந்தார். இன்றைய எழுத்தாளர் இருவர் நள்ளிரவில் பரிமாறிக்கொள்ளும் குறுஞ்செய்திகள், அவர்தம் கைப்பேசி பழுதானால் என்னவாகும்? கூகுள் பிளஸ் தளம் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது, படியெடுத்து வைக்கப்படாத பதிவுகள் அதனோடு மறைந்தன. செல்லரித்த ஏட்டில் சில வரிகளேனும் மிஞ்சும். அழிக்கப்பட்ட பதிவில் அதுவும் இல்லை.

அதே 2019இன் செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அப்பண்பாட்டின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்வதாக அது அறிவித்தது. தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகளையும் அது சுட்டியது. ‘ஆதன்’ என்னும் பெயர் அவற்றுள் காணப்படுகிறது. அவன் அரசனோ புலவனோ என்று அவ்வோடு உரைக்கவில்லை. தன் கலத்தில் தன் பெயரைக் கீறி வைத்தான், அவ்வளவே. இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அப்பெயர் வாசிக்கப்படுகிறது. ஒரு நாளில் எழுதிக் குவிக்கப்படும் சொற்களின் அளவில் இப்பத்தாண்டுக்கு முந்தைய காலம் எதுவும் நிகரில்லை; அச்சொற்களின் ஆயுளோ எவருக்கும் உறுதியில்லை.

இதனால் புதுமை பழிக்கத்தக்கதன்று. ஓலையிலிருந்து அச்சுக்குத் தமிழ் மாறிய காலத்தில் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய் ஏடு தேடினார்; 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அவர் பதிப்பில் வெளிவந்தன. கருவி மாறும்போதெல்லாம் காப்பவர் ஒருவர் தேவைப்படுகிறார். 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகம் அரிய நூல்களைத் திரைக்குக் கொணர்ந்து அப்பணியைத் தொடர்கிறது. திரையில் பிறப்பவற்றைத் தாளுக்குக் கொணரும் பணியோ பெரிதும் எஞ்சியுள்ளது.

அப்பணி அரசுக்கு மட்டும் உரியதன்று. சிற்றூர் இலக்கிய வட்டங்களுக்கும் உரியது. வாசித்த கவிதையின் படி, கூட்டத்தின் குறிப்பு, மறைந்த உறுப்பினரின் கையெழுத்து ஆகியவற்றைத் தொகுத்து வைப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பத்தாண்டு நிறைவில் ஒரு மலர் அச்சேறுவது விழா அழகுக்காக மட்டுமன்று. ஆதன் தன் கலத்தில் செய்ததை ஒரு வட்டம் தாளில் செய்கிறது: இன்னார் இங்கே இருந்தனர், இன்னது பாடினர் என்று கீறி வைக்கிறது.