மூல்: ஓர் அளவையின் வரலாறும் அணுவாதப் போராட்டமும்

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் பயிலும் மாணவர் முதலிற் சந்திக்கும் கணிப்புகளுள் பீசமானக் கணிப்பும் ஒன்று. 25 கிராம் கல்சியம் காபனேற்றை முற்றாகப் பிரிகையடையுமாறு சூடாக்கினால் எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும் என்பது வினா. 25 ஐ மூலர்த் திணிவாகிய 100 ஆல் வகுக்க 0.25 மூல். ஒரு மூல் காபனேற்று ஒரு மூல் ஒட்சைட்டைத் தருமாதலால், 0.25 ஐ 56 ஆற் பெருக்க 14 கிராம். மிகுதி 11 கிராம் காபனீரொட்சைட்டாக வெளியேறும். மூன்று வரிகளில் முடியும் இக்கணிப்பு இன்றைய வடிவத்தைப் பெற ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. அக்காலதாமதத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீசமானம் தனிமையான சிந்தனையிற் பிறந்ததன்று. திணிவுக் காப்பை 1789 ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்திய லவோசியே, 1775 முதல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிருவாகத்தில் பணிப்பாளருள் ஒருவராக இருந்தவர். அமிலமும் மூலமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும் நிறைகளை அளந்து, 1792 இல் பீசமானம் என்னும் துறைக்குப் பெயரிட்ட ஜேர்மானியரான ரிக்டர், சுரங்க அலுவலகத்திலும் பின்னர் பேர்லின் பீங்கான் தொழிற்சாலையிலும் பணியாற்றியவர். உற்பத்தியின் தேவையும் தராசின் நுட்பமும் இத்துறைக்கு அடித்தளமிட்டன எனலாம்.

1808 இல் தாற்றன் இந்நிறை விகிதங்களுக்கு அணுவைக் காரணமாகக் காட்டினார். ஆயின் நீர் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்தது என அவர் கொண்டார். அவ்வாறாயின் ஒட்சிசனின் அணுநிறை 8. ஐதரசன் அணு இரண்டாயின் 16. எது சரி என்பதைத் தராசு மட்டும் தீர்மானிக்க இயலாது. விளைவு பெருங்குழப்பம். அசற்றிக் அமிலத்திற்கு மாத்திரம் 19 வேறு சூத்திரங்கள் வழங்கியதை 1861 இல் கெக்குலே தம் நூலில் எடுத்துக்காட்டினார்.

இக்குழப்பத்திற்கான தீர்வு ஏற்கெனவே முன்வைக்கப்பட்டிருந்தது என்பது கவனத்திற்குரியது. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்கள் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டுள்ளன என்று அவகாதரோ 1811 இலேயே கூறியிருந்தார். எதிர்மின்னேற்றங்களின் கவர்ச்சியாலேயே அணுக்கள் இணையும் என்ற பேர்சீலியசின் கொள்கை செல்வாக்குற்றிருந்த காலத்தில், ஒரே மூலகத்தின் இரு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு ஏற்கப்படவில்லை. 1860 செப்டெம்பரில் ஜேர்மனியின் கால்ஸ்றூ நகரிற் கூடிய மாநாட்டில் கனிசாரோ அக்கருத்துக்குப் புத்துயிரளித்தார். அங்கு வழங்கப்பட்ட அவரது சிறுநூலே அணுநிறைகளில் உடன்பாடு ஏற்பட வழிகோலியது.

வரலாற்றின் முரண் இதன் பின்னரே வெளிப்படுகிறது. 1890 களில் ‘மூல்’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்த ஒஸ்வால்ட், அணுக்களின் மெய்ம்மையை ஏற்காதவர். அவருக்கு மூல் என்பது கிராமில் அளக்கப்படும் ஒரு நிறை மாத்திரமே, துகள்களின் எண்ணிக்கையன்று. பீசமான விதிகளை அணுக்கருதுகோள் இன்றியே பெறலாம் என 1904 ஆம் ஆண்டின் பரடே நினைவுரையில் அவர் வாதிட்டார். சடத்தை நீக்கிச் சக்தியை மட்டும் எஞ்சவிடும் இந்நோக்கை லெனின் 1909 இல் வெளிவந்த தம் மெய்யியல் நூலிற் கண்டித்தார். எனினும் விவாதத்தை முடித்தது பரிசோதனையே. நீரில் மிதக்கும் பிசின் நுண்மணிகள் வெவ்வேறு உயரங்களிற் பரம்பியிருப்பதை நுணுக்குக்காட்டியினூடு எண்ணிய பெரன், மூலிலுள்ள மூலக்கூறுகளின் தொகையைக் கணித்து, அதற்கு அவகாதரோவின் பெயரை 1909 இல் முன்மொழிந்தார். ஒஸ்வால்டும் அக்காலத்தில் தம் நிலைப்பாட்டைக் கைவிட்டார்.

1971 இல் மூல் சர்வதேச அடிப்படை அலகாயிற்று. காபன்-12 இன் 12 கிராமிலுள்ள அணுக்களின் தொகையே அன்று அதன் வரைவிலக்கணம். 2019 மே 20 முதல் மூல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என நிலைநிறுத்தப்பட்டது. நிறையாகத் தொடங்கியது எண்ணாக முடிந்தது.

ஆகவே கிராமை மூலாக மாற்றும் மாணவர், நிறுக்கத்தக்கதிலிருந்து கண்ணாற் காணவியலாததை எண்ணுகிறார். வகுத்தல், பெருத்தல் விதியாக மட்டும் இதைக் கற்பிப்போமாயின், விடை சரியாக வரும். ஆனால் மாணவர் ஒஸ்வால்ட் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவார். விதியோடு அதன் வரலாற்றையும் கற்பிப்பதே அறிவியற் கல்வியாகும்.