மதுவத்தின் இழைமணி டி.என்.ஏ-வும் ஹெலிகேஸ் நொதிகளும்

1940களின் இறுதியில் பாரிசில் போரிசு எஃப்ரூசி, ரொட்டி மதுவத்தை (ஈஸ்ட்) அக்ரிஃபிளேவின் என்னும் சாயத்தில் வளர்த்தபோது, ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் சிறிய கூட்டங்களாகவே வளர்ந்தன. 'பெட்டீட்' என்று பெயர் பெற்ற இவற்றால் சுவாசிக்க இயலாது. நொதித்தலைக் கொண்டே பிழைக்கும். இக்குறை மெண்டலின் விதிப்படி மரபுவழி செல்லவில்லை. 1963–64இல் இழைமணிக்குள் (மைட்டோகாண்டிரியா) டி.என்.ஏ இருப்பது உறுதியான பின்னரே காரணம் விளங்கியது: பெட்டீட் உயிரணுக்கள் அந்த டி.என்.ஏ-வின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ இழந்தவை. மனித உயிரணுவால் எளிதில் தாங்க முடியாத இழப்பை மதுவம் தாங்குவதால்தான், அந்த டி.என்.ஏ-வைக் காக்கும் மரபணுக்களை அதில் தேட முடிந்தது.

1983இல் பெல்ஜியத்தில் பிரான்சுவாசு ஃபூரியும் உடன் ஆய்வாளரும், முழுமையான இழைமணி மரபுத்தொகுதிக்கும் சில பெட்டீட் மரபுத்தொகுதிகளுக்கும் இடையே நிகழும் மறுசேர்க்கை தடைபட்ட ஒரு திடீர்மாற்ற வகையை விவரித்தனர். 'பிஃப்' என்று அதற்குப் பெயரிட்டனர். 1987இல் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அது உருவாக்கும் புரதம் டி.என்.ஏ-வின் ஈரிழையைப் பிரிக்கும் ஹெலிகேஸ் என்பது 1991இல் நிறுவப்பட்டது. ஏடிபி-யின் ஆற்றலைக் கொண்டு, இழையில் 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி அது நகர்கிறது. பிஃப்1 இல்லாத மதுவம் வெப்பநிலை உயர்ந்தால் இழைமணி டி.என்.ஏ-வை இழக்கிறது. ஒற்றை இழையைப் பற்றிக்கொள்ளும் ரிம்1 புரதத்தை மிகையாக உண்டாக்கினால் இக்குறை தணிகிறது.

1994இல் சுல்சும் சாக்கியனும் இதே பிஃப்1 உட்கருவில் டெலோமியர் நீள்வதைத் தடுப்பதைக் கண்டனர். ஒரே மரபணுவில் இரு தொடக்கக் குறியீடுகள் உள்ளன. முதலாவதிலிருந்து தொடங்கும் புரதம் இழைமணிக்கும் இரண்டாவதிலிருந்து தொடங்குவது உட்கருவுக்கும் செல்கிறது. இழைமணி ஆய்வில் பிறந்த பெயர் இன்று டெலோமியர் நூல்களிலேயே அதிகம் காணப்படுவது சற்று விந்தைதான்.

எச்.எம்.ஐ1 என்னும் மற்றொரு ஹெலிகேஸ் எதிர்த்திசையில், 3′ முனையிலிருந்து 5′ நோக்கி நகர்வது. இழைமணிக்குச் செல்லும் புரதங்கள் பலவற்றில் முகவரிக் குறி முன்முனையில் இருக்கும். இதற்கோ பின்முனையில் உள்ளது. இது இல்லாத மதுவம் முழு மரபுத்தொகுதியைத் தக்கவைப்பதில்லை என்பதை 2000இல் எஸ்தோனியாவின் தார்த்து ஆய்வாளர்கள் காட்டினர். எனினும் சில குறுகிய பெட்டீட் மரபுத்தொகுதிகள் இதன்றியும் நிலைக்கின்றன. அதாவது இழைமணி டி.என்.ஏ படியெடுக்கப்படுவதற்கே இது இன்றியமையாதது எனக் கொள்ள இயலாது. ஏறக்குறைய 86,000 இணைகள் கொண்ட முழுத்தொகுதியைச் சிதையாமல் காப்பதற்கே இது தேவைப்படுகிறது.