நாவலை ஆராயும் முறை: ஈழத்தில் அது வளர்ந்த வரலாறு

செய்யுளுக்கு உரை காணும் மரபு தமிழில் மிகப் பழையது. பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார், பரிமேலழகர் முதலிய உரையாசிரியர்கள் சொல்லுக்குப் பொருள் கூறியதோடு அமையாது, அச்சொல் அவ்விடத்து நின்றதற்குக் காரணமும் கூறினர். ஆயினும் அம்மரபு நாவலுக்கு நேரே கைகொடுக்கவில்லை. நாவல் உரைநடையில் அமைந்தது, அருஞ்சொற்பொருள் வேண்டாதது, படித்த அளவிலே விளங்குவது. விளங்கிவிட்ட ஒன்றைப் பற்றி மேலும் எழுதுவதற்கு யாது உளது என்னும் திகைப்பே மாணவர் பலரைக் கதைச்சுருக்கம் எழுதுவதிற் கொண்டுபோய் விடுகின்றது. “இந்நாவலை ஆராய்க” என்னும் வினாவுக்குத் தலைவன் பிறந்தது முதல் மணம் முடித்தது வரை வரிசையாக எழுதி, ஈற்றிலே ஒரு நீதியை ஒட்டிவிடுதல் பெருவழக்காயிற்று. அவ்வாறு எழுதப்பட்டது கதையேயன்றி ஆராய்ச்சியன்று.

இக்குறைக்கு மாணவரை மாத்திரம் குறைகூறுதல் பொருந்தாது. தமிழ் நாவல் தோன்றி முக்கால் நூற்றாண்டு கழியும் வரையும் அதனை ஆராய்தற்கென ஒரு முறை தமிழில் நிலைபெறவில்லை எனலாம். அம்முறை படிப்படியாக வந்தது. ஒவ்வொரு படியும் ஒரு புதிய வினாவைக் கொண்டுவந்தது. அவ்வினாக்களின் வரலாற்றை அறிந்தவனுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் வழி தானே புலப்படும். அவ்வரலாற்றிலே ஈழத்தவர்க்கு, சிறப்பாகக் கொழும்பிலிருந்து எழுதியவர்க்கு, ஒரு தனியிடம் உண்டு.

பயன் யாது என்னும் வினா

தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879 ஆம் ஆண்டு வெளிவந்தது. தமிழ் உரைநடையைச் செம்மை செய்த ஆறுமுக நாவலர் இறைவனடி சேர்ந்ததும் அவ்வாண்டின் இறுதியிலேயே. அந்நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நீக்குதலும் நல்லொழுக்கத்தை ஊட்டுதலும் தம் நோக்கம் எனத் தம் முன்னுரையில் உணர்த்தினார்.

ஈழத்து முதல் தமிழ் நாவலாகப் பலராலும் கூறப்படும் அசன்பேயுடைய கதை 1885 ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை எழுதிய சித்திலெப்பை கண்டியிலே வழக்கறிஞராக விளங்கியவர். முஸ்லிம் நேசன் என்னும் பத்திரிகையை நடாத்தியவர். தம் சமூகத்தாரின் கல்விக்கு உழைத்தவர். பின்னர்த் திருகோணமலையைச் சேர்ந்த த. சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டு மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை 1895 இல் வெளியிட்டார். 1914 இல் மங்களநாயகம் தம்பையா என்னும் பெண்மணியார் நொறுங்குண்ட இருதயம் என்னும் நாவலை வெளியிட்டார்.

இக்காலத்திலே நாவலைப் பற்றி எழுந்த வினா பெரும்பாலும் ஒன்றே: இதனைப் படிப்பதனால் வரும் பயன் யாது? கதை படித்தல் காலத்தை வீணாக்குதல் என்று பெரியோர் கருதிய காலத்தில், அறம் புகட்டுதலே நாவலுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக இருந்தது. இன்று மாணவன் கட்டுரையின் ஈற்றில் எழுதும் நீதி அக்காலத்தின் எச்சமேயாகும். அவ்வினா தவறன்று, ஆனால் அது முதல் வினாவேயன்றி முடிந்த வினாவன்று.

எவ்வாறு என்னும் வினா

இரண்டாம் வினா மேனாட்டிலிருந்து வந்தது. பேர்சி லபொக் 1921 இலும், ஈ. எம். ஃபோர்ஸ்டர் 1927 இலும் வெளியிட்ட நூல்கள் நாவலின் கட்டமைப்பை ஆராய்ந்தன. கதையைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கின்றார் என்பதை லபொக் நுணுகி நோக்கினார். காலவரிசையில் நிகழ்ச்சிகளை அடுக்குதல் வேறு, அவற்றைக் காரணகாரியத் தொடர்பால் பிணைத்தல் வேறு என ஃபோர்ஸ்டர் பிரித்துக் காட்டினார். ஒரே குணத்தால் அமைந்த பாத்திரங்களையும், பலவாறு மாறி வளரும் பாத்திரங்களையும் அவர் வேறுபடுத்தினார்.

தமிழில் இவ்வினாவை வற்புறுத்தியவர் க. நா. சுப்ரமண்யம். முதல் ஐந்து தமிழ் நாவல்கள் என்னும் அவரது நூல் 1957 இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளின் பின் சி. சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து என்னும் ஏடு விமரிசனத்துக்கு ஒரு களம் அமைத்தது. நாவல் கூறும் அறத்தை மாத்திரமன்றி, அதனைக் கூறும் விதத்தையும் நோக்க வேண்டும் என்பது இவர்தம் கொள்கை.

இவ்வினாவின் ஆற்றலை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணி என்னும் ஏட்டில் 1893 முதல் தொடராக வெளிவந்தது. அதன் முற்பகுதி சிறுகுளம் என்னும் கிராமத்தின் குடும்ப வாழ்வையும் வம்புப் பேச்சையும் நகைச்சுவையோடு காட்டுகின்றது; பிற்பகுதி வேதாந்த நாட்டத்திற் செல்கின்றது. பயனை மாத்திரம் தேடுவோர் பிற்பகுதியைப் போற்றுவர். அமைப்பை நோக்குவோர், முற்பகுதியிலே உயிரோடு உலவிய மாந்தர் பிற்பகுதியில் எவ்வாறு மாறினர் என்று வினவுவர். வினா மாறியவுடன் ஒரே நூல் வேறு நூலாகத் தோன்றுகின்றது. ஆராய்ச்சி தொடங்கும் இடம் அதுவே.

ஏன் என்னும் வினா

மூன்றாம் வினாவை ஈழத்தவர் தனி வலிமையோடு எழுப்பினர். அதற்குக் கொழும்பே களமாயிற்று. 1930 இல் தொடங்கிய வீரகேசரியும் 1932 இல் தொடங்கிய தினகரனும் இந்நகரிலிருந்தே வெளிவந்தன. வெள்ளவத்தையில் வாழ்ந்த உத்தியோகத்தரும் ஆசிரியரும், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையில் வாழ்ந்த வணிகரும் தொழிலாளரும் அவற்றில் வந்த தொடர்கதைகளைப் படித்தனர். 1942 இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலும், 1902 இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையிலும் தமிழறிவுக்கு நிலையங்களாயின. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் உருவாயிற்று.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்று, பேராதனையிலே தமிழ் கற்ற க. கைலாசபதி 1959 இல் தினகரன் ஆசிரியரானார். இளங்கீரனின் நீதியே நீ கேள் என்னும் நாவல் அவ்விதழிலே தொடராக வந்தது. ஈழத்து மண்ணையும் மக்களையும் எழுதுக என்னும் குரல் ஓங்கிய காலம் அது.

அக்குரலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. பாத்திரங்கள் தத்தம் பேச்சு வழக்கிலே பேசுதல் தகுமா என்னும் கேள்வி அறுபதுகளின் முற்பகுதியிற் பெரும் பூசலாயிற்று. மரபு பேணிய அறிஞர் சிலர் அதனை இழிசனர் வழக்கு என்று ஒதுக்கினர். மரபுப் போராட்டம் என்று பின்னாளிற் பெயர்பெற்ற இவ்விவாதம் வெறும் மொழிச் சண்டையன்று. ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை எழுதவேண்டுமாயின் அவர்தம் வாய்மொழி ஏட்டில் ஏறவேண்டும். அம்மொழி இலக்கியத்துக்கு ஆகாது எனின், அம்மக்களும் இலக்கியத்துக்கு ஆகார் என்று முடியும். செ. கணேசலிங்கனின் நீண்ட பயணம் 1965 இலும், கே. டானியலின் பஞ்சமர் 1972 இலும் நூல்களாக வந்து யாழ்ப்பாணக் கிராமத்தின் சாதிக் கொடுமையைக் காட்டின. அவற்றை ஆராய வருவோன் மொழிநடை என்னும் தலைப்பின்கீழ் “எளிய நடை” என்று இரு சொல் எழுதி அகலுதல் தகாது. யார் எம்மொழியிற் பேசுகின்றனர், ஆசிரியர் கூற்று எம்மொழியில் அமைந்தது, அவ்வேறுபாடு ஏன் என்று கேட்டல் வேண்டும்.

இவ்வாறு எழுந்த வினாவை நூலளவில் விரித்தவர் கைலாசபதியே. சில்லையூர் செல்வராசன் ஈழத்தில் தமிழ் நாவல் வளர்ச்சியை 1967 இல் நூலாக்கினார். அடுத்த ஆண்டு கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் வெளிவந்தது. இங்கிலாந்திலே பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் சங்க வீரப்பாடல்களை ஆராய்ந்தவர் அவர். காவியம் ஒரு வகைச் சமுதாயத்தில் தோன்றியது போல, நாவல் அச்சும் உரைநடையும் தனிமனிதனும் முதன்மை பெற்ற பிறிதொரு சமுதாயத்தில் தோன்றியது என அவர் விளக்கினார். இந்நாவல் ஏன் இக்காலத்தில், இவ்வடிவில், இவர் கையால் எழுந்தது? இதுவே மூன்றாம் வினா. கா. சிவத்தம்பியின் நாவலும் வாழ்க்கையும், நா. சுப்பிரமணியனின் ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம் ஆகிய நூல்கள் 1978 இல் வெளிவந்து இவ்வாராய்ச்சியை வளர்த்தன.

கைலாசபதியின் முறைக்குத் தமிழகத்தில் வெங்கட் சாமிநாதன் கடுமையான மறுப்பு எழுதினார். எம். ஏ. நுஃமான் அம்மறுப்புக்கு விடை எழுதினார். சமுதாயத்தை நோக்குவோர் கலையை மறந்தனர் என்பது ஒரு சாரார் குற்றச்சாட்டு. கலையை நோக்குவோர் மக்களை மறந்தனர் என்பது மற்றையோர் குற்றச்சாட்டு. இரண்டிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆதலின் மாணவன் ஒரு கட்சியிற் சேர்ந்து மறு கட்சியை ஏசுதல் ஆராய்ச்சியாகாது. இரு சாராரையும் நூலின் முன்னே நிறுத்திச் சான்று கேட்டலே அவன் கடமை.

மூன்று வினாவும் ஒரு நூலும்

அசன்பேயுடைய கதையை மீண்டும் நோக்குக. குழந்தைப் பருவத்திலே களவாடப்பட்டுத் தொலைவிடத்தில் வளர்ந்த ஒருவனின் கதை அது. மிசிறும் இந்தியாவும் அதன் களங்கள். கண்டியில் வாழ்ந்த ஒருவர் கண்டியை எழுதாது மிசிறைத் தேடியது ஏன்?

முதல் வினாவோடு நின்றவர், நல்லோர் இறுதியில் வெல்வர் என்று எழுதி அமைவர். இரண்டாம் வினாவைக் கேட்பவர், இழந்ததும் மீள்வதுமாகிய பழங்கதை அமைப்பு இங்கே எங்ஙனம் நாவலாக மாற முயல்கின்றது என ஆராய்வர். மூன்றாம் வினாவைக் கேட்பவர் வரலாற்றை நாடுவர். மிசிறிலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற அறாபி பாஷா 1883 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1901 வரை அவர் இந்நாட்டில், முதலிற் கொழும்பிலும் பின்னர்க் கண்டியிலும் வாழ்ந்தார். சித்திலெப்பை அவரோடு பழகியவர். முஸ்லிம் மக்களின் கல்விப் பணியில் அவருடைய ஆதரவைப் பெற்றவர். அவர் வந்து இரண்டாண்டுகளில் நாவல் வெளிவந்தது.

இவ்விடத்திலே மாணவன் விழிப்பாயிருத்தல் வேண்டும். இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தமையால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவுகட்டலாகாது. வரலாறு ஓர் ஐயத்தைத் தரும். அதனை உறுதி செய்வதும் மறுப்பதும் நூலின் பக்கங்களே. மிசிறைப் பற்றிய பகுதிகள் எங்ஙனம் வருணிக்கப்பட்டுள்ளன, ஆட்சியாளரைப் பற்றி ஆசிரியர் கூற்று யாது, கல்வியைப் பற்றிய பேச்சு எங்கெங்கே வருகின்றது என்று குறித்தெடுத்த பின்பே கருத்தை நிறுவலாம். தன் கருத்துக்கு மாறாக நிற்கும் பகுதியையும் மறைக்காமற் காட்டல் வேண்டும். அதனைக் காட்டி விடைகூறும் கட்டுரையே நிலைக்கும்.

ஆகவே கட்டுரையின் ஒழுங்கு இவ்வாறு அமையும். நூல் முழுவதையும் ஒரு முறை இன்பத்துக்காகவும், மறுமுறை குறிப்பெடுத்தற்காகவும் படித்தல்; நிறுவத்தக்க ஒரு கருத்தை ஒரே வாக்கியத்தில் முதலிற் கூறல்; கதையை வேண்டிய அளவே தொட்டு, அமைப்பாலும் பாத்திரத்தாலும் மொழியாலும் அக்கருத்துக்குச் சான்று காட்டல்; காலச்சூழலோடு பொருத்தல்; மாற்றுச் சான்றுக்கு விடைகூறல்; முடித்தல். பிறர் முன்னுரையும் திறனாய்வும் தன் கருத்து உருவான பின்பே படிக்கத்தக்கவை.

நூலைக் கையில் எடுத்துப் படித்தல் எளிய காரியமாக எந்நாளும் இருந்ததன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை முதலிய கொழும்புப் பகுதிகளில் வீடுகளோடு வீட்டு நூல்களும் எரிந்தன. அவ்வாறு நூல் அழியும்போது அதனைப் பற்றிய பேச்சு மாத்திரம் எஞ்சும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொல்லச் செவிவழிச் செய்தியே விமரிசனமாகிவிடும். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்மிய நூற்சேகரத்தின் முயற்சியால் ஈழத்து நூல்கள் பல இன்று எவர்க்கும் படிக்கக் கிடைக்கின்றன.

முன்னையோர் அரிதிற் பெற்றுப் படித்தவை இன்று மாணவனின் கண்முன்னே விரிகின்றன. அவற்றைப் படியாமற் கதைச்சுருக்கத்தைப் பார்த்தெழுதுதல் அவர்தம் உழைப்பை அவமதிப்பதாகும். தன் கண்ணாற் படித்து, தன் சொல்லால் ஒரு கருத்தை நிறுவுபவனே உரையாசிரியர் தொட்டுக் கைலாசபதி ஈறாக வந்த அறிவு மரபுக்கு உரியவனாவான்.