நம் வரிப்பணம் எங்கே போகிறது?



"நம்ம வரிப்பணம் எல்லாம் பீகாருக்குப் போகுது" என்ற செய்தி நம் குடும்பக் குழுவில் மறுபடியும் சுற்றுகிறது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

மத்திய வரியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. அரசியலமைப்பின் 280-ஆவது பிரிவுப்படி, முதல் குழு 1951இல் கே.சி. நியோகி தலைமையில் அமைந்தது. தலைக்கணக்கே அன்று முக்கிய அளவுகோல். ஆனால், குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலம் அதனாலேயே பணத்தை இழக்கலாமா? அதற்காகத்தான் 1976இல், 1971 கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

1971இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடி. இன்றைய பீகார் எல்லைக்குள் இருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். 2011இல் நாம் 7.21 கோடி; அவர்கள் 10.4 கோடி. 15-ஆவது நிதிக்குழு மக்கள்தொகை அளவுகோலுக்கு 2011 கணக்குக்கு மாறியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 சதவீத மதிப்பு தந்தது. வருமானத்தில் பின்தங்கியதற்கு 45 சதவீதம். 13-ஆவது குழுவில் 4.97 சதவீதமாக இருந்த நம் பங்கு, இதில் 4.08 சதவீதம். பீகாருக்கு 10.06.

சரி, பீகார் ஏன் பின்தங்கியது? சோம்பல் என்று சொல்லாதீர்கள். 1950களிலிருந்து 1990களின் தொடக்கம்வரை சரக்குக் கட்டணச் சமன்பாடு என்று ஒரு கொள்கை இருந்தது. அன்றைய பீகாரில் உற்பத்தியான எஃகு, நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலை. சுரங்கத்துக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைப்பதில் லாபமில்லாமல் போனது. தெற்கிலும் மேற்கிலும் தொழில் வளர அதுவும் கைகொடுத்தது. அந்தப் பலனில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே பின்தங்கியவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தருமம் அல்ல, பழைய கணக்கைத் தீர்ப்பது. அதே நேரம், சொன்ன கடமையைச் செய்தவனின் பங்கைக் குறைப்பதும் நியாயமில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். செஸ், சர்சார்ஜ் என்று மத்திய அரசு வசூலிக்கும் பணம் இந்தப் பங்கீட்டுக்குள் வருவதே இல்லை. அதில் தமிழ்நாட்டுக்கும் பங்கில்லை, பீகாருக்கும் பங்கில்லை. பெட்ரோல் போடும்போது இரு மாநிலத்தாரும்தான் அதைக் கட்டுகிறார்கள்.

அடுத்த முறை அந்தச் செய்தியை அனுப்பும் முன், இதையும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கேட்ட மாதிரியே கேளுங்கள்.