அபயானந்த்

அபயானந்த் (பிறப்பு: 1955) பீகார் மாநிலக் காவல்துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர். காக்கிச் சீருடைப் பணியில் இருந்தபடியே ஏழை மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து, ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு அவர்களை ஆயத்தப்படுத்தியவர். கணித ஆசிரியர் ஆனந்த் குமாருடன் சேர்ந்து 2002இல் பாட்னாவில் 'சூப்பர் 30' பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். 2008இல் அதிலிருந்து விலகி, 'ரஹ்மானி 30' உள்ளிட்ட மையங்களுக்குக் கல்வி வழிகாட்டியானார்.

அரசுப் பணியிலிருந்து பயிற்சித் துறைக்கு வந்தவர்கள் இந்தியாவில் வேறு சிலரும் உண்டு. டெல்லி முகர்ஜி நகரில் 'திருஷ்டி' நிறுவனத்தைத் தொடங்கிய விகாஸ் திவ்யகீர்த்தி, ஐஏஎஸ் பதவியைத் துறந்து 'அன்அகாடமி' நிறுவனத்துக்குச் சென்ற ரோமன் சைனி ஆகியோர் பலரும் அறிந்த பெயர்கள். இருவரும் அரசு வேலையை விட்டவர்கள். அபயானந்த் வேலையையும் விடவில்லை, மாணவர்களிடம் கட்டணமும் வாங்கவில்லை. இந்த வரிசையில் அவரைத் தனித்து நிறுத்துவது இதுதான்.

காவல் பணி

அபயானந்தின் தந்தை ஜகதானந்தும் பீகார் காவல்துறைத் தலைவராக இருந்தவர். பாட்னா அறிவியல் கல்லூரியில் இயற்பியல் படித்த அபயானந்த் 1977ஆம் ஆண்டு அணியில் இந்தியக் காவல் பணியில் சேர்ந்து, பீகாரிலேயே பணியாற்றினார்.

காவல் அதிகாரியாக அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்டது 2006இல். முந்தைய ஆண்டின் இறுதியில் நிதீஷ் குமார் ஆட்சிக்கு வந்திருந்தார். சட்டம் ஒழுங்கு அவருடைய முதன்மைத் தேர்தல் வாக்குறுதி. ஆனால் கொலை, ஆள்கடத்தல் வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. சாட்சிகள் அஞ்சிப் பிறழ்ந்தார்கள், விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காவல்துறைத் தலைமையகத்தில் கூடுதல் தலைமை இயக்குநராக இருந்த அபயானந்த் ஆயுதச் சட்ட வழக்குகளை முன்னுக்குக் கொண்டுவந்தார். உரிமமில்லாத் துப்பாக்கியுடன் ஒருவர் பிடிபட்டால், பறிமுதல் செய்த காவலர்களே சாட்சிகள். ஊர்க்காரர் எவரும் கூண்டேற வேண்டியதில்லை, பிறழ்வதற்கும் ஆளில்லை. ஆவணங்கள் குறைவு என்பதால் விசாரணையும் விரைந்து முடிந்தது. விரைவு விசாரணை என்ற இந்த ஏற்பாட்டில் அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டனர். புதிய சட்டம் எதுவும் இயற்றாமல், ஏற்கெனவே இருந்த சட்டத்தைக் கொண்டே இதைச் செய்தார் என்பது கவனிக்கத்தக்கது.

2011 ஆகஸ்டு இறுதியில் மாநிலக் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். 2014இல் அப்பதவியிலிருந்து ஊர்க்காவல் படைக்கு மாற்றப்பட்டார்.

சூப்பர் 30

கல்லூரியோடு நின்றுபோன இயற்பியலுக்கு அபயானந்த் திரும்பியது தன் பிள்ளைகளுக்காக. மகளும் மகனும் ஐஐடி நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது பாடத்தைத் தானும் புதிதாகப் படித்து அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இருவருக்கும் இடம் கிடைத்தது. அதே கற்பித்தலைப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அதன்பின் வந்தது.

அப்போது ஐஐடி கனவுக்கு வழி என்றால் ராஜஸ்தானின் கோட்டா நகரம்தான். அங்கே பயிற்சிக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் பீகாரின் சிறு விவசாயியால் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. பாட்னாவில் ஆனந்த் குமார், கணித மேதை ராமானுஜன் பெயரில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்திவந்தார். கேம்பிரிட்ஜில் படிக்க இடம் கிடைத்தும் வறுமையால் போக முடியாமல் போனவர் அவர். அவரும் அபயானந்தும் கைகோத்தனர். தேர்வு வைத்து 30 மாணவர்களைத் தேர்ந்தெடுப்பது, ஓராண்டு உணவும் இருப்பிடமும் இலவசமாகத் தந்து ஒன்றாகத் தங்கவைப்பது என்று திட்டம் உருவானது. கணிதத்தை ஆனந்த் குமாரும், இயற்பியலை அபயானந்தும் எடுத்தனர்.

2003இல் முதல் அணியின் 30 பேரில் 18 பேர் தேறினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் 22, 26, 28, 28 என்று எண்ணிக்கை ஏறியது. 2008இல் 30 பேரும் தேறினர். அந்த ஆண்டு நாடு முழுவதும் தேர்வெழுதியவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இந்த எண்களை வைத்துக் கற்பித்தலின் திறனை மட்டும் அளந்துவிட முடியாது. கடுமையான தேர்வில் வடிகட்டியே அந்த 30 பேர் எடுக்கப்பட்டார்கள். திறமை முன்பே அவர்களிடம் இருந்தது. அந்தத் திறமை வீணாகாமல் காப்பாற்றப்பட்டது என்பதே உண்மையான சாதனை. பீகாரின் சிற்றூர்களில் அப்படி வெளிச்சத்துக்கே வராமல் போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அபயானந்தின் வகுப்பில் சூத்திரத்துக்கு இரண்டாம் இடம்தான். ஒரு கேள்வியை முன்வைப்பார், விடை சொல்ல அவசரப்படமாட்டார். மாணவர்கள் தங்களுக்குள் வாதிட்டு, அடிப்படை விதியிலிருந்து தாங்களே விடைக்கு வந்துசேர வேண்டும். ஒரே கூரையின்கீழ் தங்கியிருப்பதால் வகுப்பில் முடியாத வாதம் இரவு விடுதியிலும் தொடரும். ஒருவருக்குப் பிடிபட்டதை அவரே மற்றவருக்கு விளக்குவார். 30 என்ற சிறிய எண்ணும் தங்கிப் படிக்கும் ஏற்பாடும் இல்லாவிட்டால் இந்த முறை ஓடாது. நூற்றுக்கணக்கானோர் ஒலிபெருக்கியில் பாடம் கேட்கும் வணிகப் பயிற்சி மையங்களிலிருந்து இது வேறுபடும் இடமும் அதுவே.

பிரிவும் பரவலும்

2008இல் இருவரும் பிரிந்தனர். திட்டத்தைக் கருக்கொண்டது யார், புகழில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் பின்னாளில் பொதுவெளியில் நடந்தது. ஹிருத்திக் ரோஷன் நடித்து 2019இல் வெளிவந்த 'சூப்பர் 30' திரைப்படம் ஆனந்த் குமாரின் வாழ்க்கையைச் சொன்னது. 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. ஆனந்த் குமாரின் உழைப்பை எவரும் குறைத்துவிட முடியாது. ஆனாலும் முதல் ஆறு அணிகளின் கதையில் இயற்பியல் ஆசிரியரை விட்டுவிட்டால் கதை பாதியாகிவிடும்.

பிரிவுக்குப் பின் அபயானந்த் செய்தவையே அவருடைய முக்கியமான பணி என்று சொல்லத் தோன்றுகிறது. பீகாரின் முங்கேரில் உள்ள கான்கா ரஹ்மானி என்ற சூஃபி மடத்தின் தலைவர் மௌலானா வலி ரஹ்மானி, முஸ்லிம் மாணவர்களுக்காக இதே வடிவில் 'ரஹ்மானி 30' என்ற மையத்தைப் பாட்னாவில் தொடங்கினார். சமயத் தலைவர் ஒருவர் இடமும் செலவும் ஏற்க, காவல் அதிகாரி ஒருவர் கல்விப் பொறுப்பு ஏற்றார். 2009இல் தேர்வெழுதிய முதல் அணியின் 10 பேரும் தேறினர். பிற்காலத்தில் அந்த நிறுவனம் மருத்துவ நுழைவுத் தேர்வு, பட்டயக் கணக்கர் தேர்வு ஆகியவற்றுக்கும் பயிற்சி அளித்தது. வலி ரஹ்மானி 2021 ஏப்ரலில் காலமானார்.

அபயானந்தின் வழிகாட்டலில் கயாவில் 'மகத் சூப்பர் 30' உருவானது. கயாவை அடுத்த மான்பூரில், பட்வாடோலி நெசவாளர் குடியிருப்பிலிருந்து 1990களிலேயே பிள்ளைகள் ஐஐடிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. அதனால் கூட்டாகக் கற்கும் முறை அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அரசுப் பணத்தையோ ஒரு தனிமனிதரின் புகழையோ நம்பாமல், அந்தந்த ஊர்ச் சமூகமே செலவை ஏற்று நடத்த வேண்டும் என்பது அபயானந்தின் நிலைப்பாடு.

சட்டம், இயற்பியல், காவல், சூப்பர் 30 ஆகிய தன் நான்கு அனுபவங்களையும் சேர்த்து 'அன்பவுண்டட்' என்ற ஆங்கிலத் தன்வரலாற்றை அவர் எழுதியுள்ளார்.