பறவையா, பறக்கும் பொறியா?

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்குப் பனிக்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருவதை நீங்கள் அறிந்திருக்கலாம். இமயத்தைத் தாண்டி வரும் பறவைகள் அவை. அதே மாவட்டத்தின் தென்கோடியில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. இத்தகைய நிலையங்களின் வானத்தைக் காப்போருக்குப் பறவை ஒரு சங்கடமான விருந்தாளி. காரணத்தை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1942 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அங்கிருந்த ராடார் அவற்றை முன்கூட்டியே கண்டுகொண்டதால், பிரிட்டிஷ் போர் விமானங்கள் மேலெழும்பி எதிர்க்க முடிந்தது. ராடார் அனுப்பும் ரேடியோ அலை பொருளின்மேல் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆகும் நேரமே தூரத்தைச் சொல்லிவிடும்.

அதே யுத்த காலத்தில் இங்கிலாந்தில், விமானமே இல்லாத இடங்களிலும் ராடார் திரையில் புள்ளிகள் தோன்றின. இயக்குவோர் அவற்றைத் ‘தேவதைகள்’ என்று அழைத்தார்கள்! டேவிட் லாக், வார்லி என்ற இரு உயிரியலார், பறவைகளும் ராடாரில் தெரியும் என்று 1945-இல் எழுதினார்கள்.

பொறியியலாருக்கோ இது தொல்லை. நகரும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும். இதுவே டாப்ளர் விளைவு. இதைக் கொண்டு, வேகம் குறைந்தவற்றின் எதிரொலிகளை வடிகட்டி ஒதுக்கினார்கள். மெதுவாகப் பறப்பதால் ஆபத்தில்லை என்பது அன்றைய கணக்கு. அன்றைக்கு நியாயமான கணக்குத்தான்.

டிரோன் அதைப் பொய்யாக்கிவிட்டது. 2021 ஜூன் 27 அதிகாலையில் ஜம்மு விமானப்படைத் தளத்தில் டிரோன் மூலம் இரண்டு குண்டுகள் போடப்பட்டன, இருவர் காயமுற்றனர். சிறு டிரோனுக்குப் பறவையின் பருமன், ஏறக்குறைய பறவையின் வேகம். எதிரொலிக்கும் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கானால், ராடார் காணும் தூரம் பத்தில் ஒரு பங்காகிவிடும். நான்காம் படிமூலம் எடுத்துப் பாருங்கள், விளங்கும். வடிகட்டியைத் தளர்த்தினாலோ, வாத்துக் கூட்டம் முழுவதும் திரையில் வந்து நிற்கும்.

பிறகு எப்படிப் பிரித்தறிவது? உடலை விட்டுவிட்டு, அசையும் உறுப்பைக் கவனிக்கிறார்கள். பறவை நொடிக்குச் சில தடவை சிறகடிக்கிறது. டிரோனின் விசிறியோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறது. திரும்பும் அலையில் இரண்டும் வெவ்வேறு தடம் பதிக்கின்றன. நம் பக்கத்தில் இதற்கும் இடைஞ்சல் உண்டு. பணகுடி, ராதாபுரம் வட்டாரக் காற்றாலைகளின் இறக்கைகளும் சுழல்பவைதாமே! ஆகவே, டிரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையே ஓடும் ரேடியோ சைகைகளையும் ஒட்டுக்கேட்கிறார்கள். வழியை முன்பே பதித்து அனுப்பிய டிரோன் மௌனமாக வரக்கூடும். அதற்குக் காமிராவும் வேண்டும்.

2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்தன. சிவப்புப் பகுதியில் பறக்கவிட மத்திய அரசின் அனுமதி வேண்டும். இது இராணுவத்துக்கு மட்டும் உரிய கவலை என்று எண்ணிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. வெள்ளத்தைப் படம் பிடிக்க எவரேனும் விடும் டிரோனும் அந்த உயரத்தில்தான் பறக்கும். அத்தனை சிறிய பொருள் விமானியின் கண்ணில் படும்போது, விலகுவதற்கு ஓரிரு நொடிகளே மிச்சமிருக்கும்.